கைக்கு எட்டுற இடம்

“…கல்லு மாதிரி கம்முனு கெடக்கும்மா அது. கத்தாது, கடிக்காது. அதப் போயி ஏன் இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குற?”

பினாங்கு விமான நிலையத்தில், பெட்டி நிறுக்கும் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அக்கா இப்படிக் கேட்டார். கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்ப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. அக்கா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிறவர் இல்லை. யாரிடம் பேசினாலும் தமிழில்தான் ஆரம்பிப்பார். பதில் எந்த மொழியில் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார்.

அந்தப் பெண் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. மேலே தூக்குவதற்குக் கைப்பிடி, முன்னால் பிளக் மாட்ட ஓட்டைகள், ஓரத்தில் சின்ன விளக்கு. பார்ப்பதற்கு காடியில், அதாவது காரில், மாட்டுகிற பேட்டரிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதற்கு அக்கா பழைய கைலியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். உறையைக் கழற்றியதும் பேட்டரியின் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைக்கிற மாதிரி ஒரு குங்குமப் பொட்டு. அந்தப் பெண் பொட்டையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள், பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தப் பெட்டி அங்கே வந்த கதை விளங்கும்.

செர்டாங்கில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், யார் வெளியூர் கிளம்பினாலும், டிக்கெட் போட்ட கையோடு அக்கா வீட்டுக்குத்தான் போவார்கள். பெட்டி கட்ட. யாரும் கூலி கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. சுற்றி இருக்கிற செம்பனைத் தோட்டங்களில் இருந்துகூட ஆள் வரும். அக்கா வரும்போது இடது கையில் ஒரு டேப்பும், தோளில் ஒரு சுருள் ராஃபியா பிளாஸ்டிக் கயிறும் இருக்கும். சாமான்களை எல்லாம் பாயில் பரப்பச் சொல்லிவிட்டு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் ஒன்றையும் தொடமாட்டார். சமையல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் சட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிறகு கை ஓடும். கனமானது சக்கரத்துப் பக்கம். காலுறை சப்பாத்துக்குள்ளே. கிண்ணத்துக்குள் ஊறுகாய்ப் புட்டி, புட்டியைச் சுற்றித் துண்டு. “உள்ள காத்த அடைச்சிக்கிட்டுப் போறதுக்கா டிக்கெட் எடுத்த?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பொந்தையும் நிரப்புவார். கடைசியாக, மூடுவதற்கு முன்னால், ஒரு கைலி, ஒரு துண்டு, மாத்திரைப் பை, இந்த மூன்றையும் மேலே வைப்பார். யார் பெட்டியாக இருந்தாலும் இது மாறாது.

“மொத மொத தேடுறது கடைசியா உள்ள போகணும். கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். அவசரத்துக்கு ஒதவாதது பெட்டில இருந்தா என்ன, கடையில இருந்தா என்ன?”

அப்புறம் ராஃபியா கயிறு. பூட்டு, ஜிப் எல்லாம் இருந்தாலும் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அந்த முடிச்சு அவருக்கு மட்டும் தெரிந்த முடிச்சு. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கயிற்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். யாராவது கத்தியை எடுத்தால் போச்சு. “வெட்டாத! ஒனக்கு அவுக்கத் தெரியாதா? பத்து வெரல குடுத்து அனுப்பியிருக்கான்ல?” என்று பிடுங்கிக்கொள்வார். எவ்வளவு நேரம் ஆனாலும் நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்து, கையில் சுற்றி, காலி பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்வார். அவர் கயிறு வெட்டி நான் பார்த்ததில்லை.

இது வரைக்கும் சொன்னது அவருடைய கை. அவருடைய மனசு வேறு ஒரு சொல்லில் இருந்தது. “எதுக்கும் இருக்கட்டும்லா.”

நாம் பாயில் பரப்பியது ஒரு கணக்கு என்றால், ஊரில் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது இருப்பது வேறு கணக்கு. படிக்கப் போன பிள்ளையின் பெட்டியில் துணி மாட்டும் கிளிப்பும் ஊசி நூலும் இருக்கும். கோலா கெடாவுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெட்டியில், பட்டுப்புடவைக்கு நடுவில், கொசுவத்திச் சுருள் ஒரு பாக்கெட். மாப்பிள்ளை வீட்டார் சிரித்திருக்கிறார்கள். ஆற்றுமுகத்தில் இருக்கிற வீடு. அன்றைக்கு ராத்திரி மாமியாரே வந்து ஒரு சுருள் கேட்டாளாம். என் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனபோது பையைக் கட்டிக் கொடுத்ததும் அக்காதான். திறந்து பார்த்தால் அடியில் என்னுடைய சட்டை ஒன்று, சீப்பு ஒன்று. “பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறவனும் மனுசன் மாதிரி நிக்கணும்ல தம்பி” என்றார் பிற்பாடு. எனக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை. அன்றைக்கு வேனில் இருந்து இறங்கின கோலத்தில் ஓடியிருந்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளையைக் கையில் வாங்கினேன்.

எல்லாருக்கும் இது இப்படி இனிப்பாக முடிந்ததில்லை. எங்கள் தாமானில் வெல்டிங் வேலை செய்த பையன் ஒருவன் துபாய்க்குக் கிளம்பினான். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டிருக்கிறார், இந்தப் பெட்டியை நீயே கட்டினாயா என்று. எங்கள் ஊரில் எவன் தன் பெட்டியைத் தானே கட்டினான்? பையன் உள்ளதைச் சொல்லிவிட்டான். இல்லை, அக்கா கட்டினார். அக்கா எங்கே? வீட்டில். உள்ளே என்னென்ன இருக்கிறது? தெரியாது. விடுவார்களா? ஓரமாக நிறுத்தி, பெட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். மெழுகுவத்தி, பெயர் ஒட்டாத மசாலாத் தூள், திருநீறு, சலூன் கத்தி ஒன்று எல்லாம் வந்திருக்கிறது. அழாத குறையாக அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டான்.

“ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க? என்னைக் குத்தவாளி மாதிரி நிக்க வச்சிட்டாங்க!”

“நீ ஒளிச்சா சொன்ன? கேட்டாங்க, கேட்டதுக்குப் பதில் சொன்ன. அதுல என்னடா வெக்கம்? அது கெடக்கட்டும், திருப்பி எப்படிக் கட்டுன? தூளு மேல சட்டையா, சட்டை மேல தூளா?”

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டார் கொஞ்ச நாள் அக்காவோடு பேசவில்லை. எனக்கும் அப்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கேட்காமல் வைக்கிறது அன்புதான். ஆனால் மாட்டிக்கொள்கிறவன் வேறு ஆள் அல்லவா? இதை அக்காவிடம் சொன்னால், “ஆமா தம்பி, நெசந்தான்” என்பார். அடுத்த பெட்டியிலும் வைப்பார்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகிற லாரி ஓட்டியவர். சுருட்டு கொஞ்சமில்லை. நுரையீரல் கெட்டுப்போய், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்க வேண்டி வந்தது. சுவரில் பிளக் போட்டால் ஓடும். மூக்கில் குழாய். பேச்சைச் சுருக்கிக்கொண்டார். “வார்த்தைக்கு… மூச்சு… செலவாவுது” என்பார். அதற்கே செலவு ஆகிவிடும்.

ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து, எங்கேயோ மரம் விழுந்து, தாமான் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது. அக்கா மழையிலேயே ஓடிவந்து என் வேன் கதவைத் தட்டினார். மாமாவையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருக்கிற சீனன் கடைக்குப் போனோம். கடை முதலாளி தவுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “இங்க போடு, இங்க போடு” என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு மாமாவை உட்கார வைத்தோம். உதடு நீலமாக இருந்தது. மெல்ல மெல்லத்தான் நிறம் திரும்பியது. மெழுகுவத்தி வாங்க வந்த ஆட்கள் எல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள்.

அக்கா மாமாவின் பக்கத்தில் இல்லை. சுவரோரமாகக் குத்தவைத்து, பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அது நல்லாத்தானக்கா மாட்டியிருக்கு. வந்து உக்காருங்க.”

“யாராச்சும் கால் தட்டி உட்டுட்டா?”

கரண்ட் வருகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

அந்த வாரமே கறுப்புப் பெட்டி வந்தது. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் விளக்கு எரிக்கவும் சோறு ஆக்கவும் கொண்டுபோகிற பெரிய பேட்டரி. கரண்ட் போனால் மெஷினை அதில் மாட்டிக்கொள்ளலாம். அக்கா உறை தைத்தார், பொட்டு வைத்தார், மாமாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அடியில் என்றால் உள்ளே தள்ளி அல்ல. கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் படுகிற இடத்தில்.

அவர்களுக்கு ஒரே மகள். கோத்தா கினபாலுவில் ஆசிரியை. அங்கேயே ஒரு நல்ல பையனாகப் பார்த்துக் கல்யாணம் முடிவானது. அப்பா இல்லாமல் மாலை மாற்றமாட்டேன் என்று அவள் நின்றாள். டாக்டர், போகலாம், ஆனால் பிளேனில் ஆக்சிஜன் வேண்டும் என்றார். தோளில் மாட்டுகிற சின்ன மெஷின் ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். அதுவும் பேட்டரியில் ஓடுவது. விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, டாக்டர் கையெழுத்தோடு அனுமதியும் வாங்கிவிட்டாள். மெஷின் ஒன்று, உபரியாகப் பேட்டரி இரண்டு. பயண நேரத்தைவிடக் கூடுதலாகவே தாங்கும்.

போனில் அவள் அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். “ம்மா, ரெண்டுன்னா ரெண்டுதான். அதுக்கு மேல எதையும் வைக்காத. எல்லாத்தையும் கைப்பையில வை. கீழ போடுற பெட்டில பேட்டரி வைக்கவே கூடாது. கேட்டியா?”

“கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்.”

“கேட்டுக்கிட்டேன்னா?”

“சரிங்கிறேன்லா!”

கல்யாணத்தன்று காலையிலேயே தாலி. முந்தின நாள் மத்தியானப் பிளேனில் போனால்தான் போய்ச் சேர முடியும். நான்தான் வேனில் ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் தாண்டினேன். அக்காவின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. முறுக்கு என்றுதான் நினைத்தேன். தூக்கும்போது தோள் இறங்கியது. முறுக்கு அப்படி இறக்காது.

இப்போது கவுண்டருக்கு வருவோம்.

அந்த மலாய்ப் பெண் கூப்பிட்டதும் வந்தது ஒரு தமிழ்ப் பையன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

“ஆன்ட்டி, இது போகாது. மேலயும் போகாது, கீழயும் போகாது. அளவு ரொம்பப் பெருசு.”

“மெஷினுக்குத்தான் தம்பி. அவருக்கு மூச்சுக்கு.”

“மெஷின் போகலாம், அதோட ரெண்டு பேட்டரி போகலாம். பர்மிஷன் இருக்கு, பாத்துட்டேன். இதுக்கு இல்ல. கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க.”

“அங்க எறங்கி கரண்ட் இல்லாம போயிட்டா?”

“கோத்தா கினபாலு ஆன்ட்டி அது. காடு இல்ல.”

“செர்டாங்கும் காடு இல்லதான் தம்பி.”

பையன் சிரித்துவிட்டான். அப்புறம் நிதானமாகவே சொன்னான். பேட்டரி எப்போதாவது சூடாகிப் புகைய ஆரம்பித்தால் சும்மா நிற்காதாம். தன்னைத் தானே எரித்துக்கொண்டு போகுமாம். “மேல, ஆள் உக்காந்திருக்கிற இடத்துல சின்னது ஒண்ணு புகைஞ்சா உடனே தெரியும். எடுக்கலாம், தண்ணி ஊத்தலாம், பக்கத்துல இருக்கிறவங்கள நகத்தலாம். அதான் கைப்பையில வைக்கச் சொல்றோம். கீழ சாமான் அறையில புகைஞ்சா கை எட்டாது ஆன்ட்டி. பறக்கும்போது அங்க யாரும் போக முடியாது. இவ்வளவு பெருசுன்னா மேல இருந்தாக்கூட அணைக்கிறது கஷ்டம். அதனால இது வரவே கூடாது.”

அக்கா கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா சக்கர நாற்காலியில் சின்ன மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, பட்டு வேட்டி கசங்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கியது. முந்தின நாளே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“உள்ள போனீங்கன்னா, பிளேன் ஏறுற கேட் பக்கத்துல சுவத்துல பிளக் இருக்கும்” என்றான் பையன். “ஏறுற வரைக்கும் மெஷின அதுல போட்டுக்கங்க. பேட்டரி அப்படியே மிச்சம்.”

அந்த யோசனை அக்காவுக்குப் பிடித்திருந்தது. உறையை எடுத்துப் பெட்டிக்கு மாட்டி, பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி என் கையில் கொடுத்தார். “வீட்டுல வச்சுக்க தம்பி. மாசம் ஒருக்கா சார்ஜ் போடு.” அது இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மாசம் ஒருக்கா போடுகிறேன்.

உபரிப் பேட்டரி இரண்டையும் வாங்கி, முனைகள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க டேப் ஒட்ட வேண்டும் என்றான் பையன். டேப் தேட ஆரம்பித்தான். அதற்குள் அக்காவின் பையில் இருந்து டேப் வந்துவிட்டது. அவரே ஒட்டிக் கொடுத்தார். “அழகா ஒட்டுறீங்க ஆன்ட்டி” என்றான். “நாப்பது வருசமா ஒட்டுறேன்” என்றார். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்புறம் அவன் சிவப்புச் சூட்கேஸைக் காட்டினான். ராஃபியா கயிறு கட்டி, மேலே அந்த முடிச்சோடு இருந்தது. “இதுக்குள்ள பேட்டரி, பவர் பேங்க் எதுவும் இல்லையே?”

“துணி, முறுக்கு, புள்ளைக்கு ஒரு ரைஸ் குக்கர்” என்றார் அக்கா.

மாமா தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மூச்சை மிச்சப்படுத்துகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிவப்புச் சூட்கேஸ் பட்டையில் ஏறி, ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பிளேன் ஏறுவதற்கான அட்டைகள் கையில் வந்துவிட்டன. பையனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்கு மேல் வழியனுப்ப வந்தவர்கள் போக முடியாது என்கிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் வரிசை. பள்ளிச் சுற்றுலா போல. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் அதே பிளேன் என்று அவர்களுடைய ஆசிரியை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வாங்கக்கா. எறங்குனதும் போன் போடுங்க.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி” என்றார் பையனிடம். “கீழ நெசமாவே யாரும் போக முடியாதா? பைலட்டு கூடவா?”

“பைலட்டு கூடத்தான் ஆன்ட்டி. ஏன்?”

“பெட்டிய வச்சிட்டு வந்தா, அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். எறங்குற வரைக்கும்.”

அக்கா சக்கர நாற்காலியின் பிரேக்கைக் காலால் அழுத்தினார். ஒரு தடவை மாமாவின் மூக்குக் குழாயைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது.

“குக்கருக்குள்ள ஒண்ணு இருக்கு” என்றார்.

“என்ன ஆன்ட்டி?”

“பேட்டரி. இந்த மெஷினோடதுதான், நான் தனியா வாங்குன மூணாவது. பர்மிஷன்ல ரெண்டுதான் போட்டிருக்கு. காட்டுனா புடுங்கிக்குவீங்கன்னு அடியில வச்சேன். அங்க போயி எறங்குனா வேணுமேன்னு… நான் என்ன புத்தியில தம்பி அதைக் கை எட்டாத இடத்துல வச்சேன்?”

பையன் கடிகாரத்தைப் பார்த்தான். “ஆன்ட்டி, பெட்டி உள்ள போயிருச்சு. திருப்பிக் கொண்டு வரணும்னா நேரம் ஆகும். கவுண்டர் மூடப் போறாங்க. பிளேன் போயிட்டா இன்னைக்கு வேற இல்ல.”

“தெரியும்.”

“நாளைக்குத்தான கல்யாணம்னீங்க?”

“தெரியும்பா. கொண்டு வரச் சொல்லு. கேட்டப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்பச் சொல்லிட்டேன்ல?”

மாமா கையை நீட்டி அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்தார். “போ…” என்றார். “சீக்கிரம்… போ.”

பையன் கையில் இருந்த வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே ஓடினான். அக்கா பின்னாலேயே போனார், புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நானும் கறுப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு கவுண்டர் வரைக்கும் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர்த் திரை விலகி, போன வழியே சிவப்புச் சூட்கேஸ் திரும்பி வந்தது. பையன் தூக்கித் தரையில் வைத்தான். அக்கா அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். முடிச்சில் நகத்தை வைத்தார். மலாய்ப் பெண் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

அக்கா அதை வாங்கி, ராஃபியா கயிற்றைக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு வெட்டி எறிந்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.